தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்ட ஒரு சின்னக் கார்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே நம்மூரில் வரும் முதல் கேள்வி "எவ்வளவு குடுக்கும்?" என்பதுதான். மாதத்தில் நாலு நாள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வண்டியை எடுக்கிறவருக்கு அந்தக் கேள்வி சும்மா பேச்சுக்கு. லிட்டருக்கு 16 கொடுத்தாலும் 22 கொடுத்தாலும் அவர் பாடு பெரிதாக மாறப்போவதில்லை. ஆனால் மதுராந்தகத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஒரகடம் கம்பெனிக்கு தினமும் போய்வருகிறவர், அல்லது காஞ்சிபுரத்திலிருந்து கிண்டிக்கு வண்டியை எடுக்கிறவர் கதை வேறு. அவருக்குத்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கார் என்று ஒரே வரியில் பெயர் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது நீங்கள் ஓட்டும் சாலையைப் பொறுத்தது. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்: முதலில் எரிபொருள், அப்புறம் சீட், அப்புறம் பாதுகாப்பு, கடைசியில்தான் விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜ்.

முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். போக வர 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 2,500, வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்கு வசதி. லிட்டருக்கு 15 கொடுக்கிற வண்டி வருஷத்துக்கு 2 லட்சம் குடிக்கும். 20 கொடுக்கிற வண்டிக்கு ஒன்றரை லட்சம். 25 கொடுத்தால் 1.2 லட்சம். கவனித்தீர்களா, 15-லிருந்து 20-க்குப் போனால் 50 ஆயிரம் மிச்சம், அதே ஐந்து கிலோமீட்டர் கூடி 20-லிருந்து 25-க்குப் போனால் 30 ஆயிரம்தான் மிச்சம். மேலே போகப் போக லாபம் சுருங்கிக்கொண்டே வரும். 22 கொடுக்கிற காருக்கும் 24 கொடுக்கிற காருக்கும் இவ்வளவு ஓட்டினாலும் மாதம் ஆயிரம் ரூபாய்கூட வித்தியாசம் வராது. அந்த இரண்டு கிலோமீட்டருக்காக முதுகு வலிக்கிற சீட்டையும் மெல்லிசான தகடையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அடுத்து விளம்பரத்தில் போட்டிருக்கும் எண். செலேரியோ 25-க்கு மேல், வேகன் ஆர் 24.35, 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட் 24.80, டிசையர் 24.79 என்றெல்லாம் இருக்கும். இது பொய் இல்லை, ஆனால் உங்கள் சாலையும் இல்லை. வண்டியை உருளை மேல் ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, எம்ஐடிசி என்ற ஒரு குறிப்பிட்ட ஓட்ட அட்டவணைப்படி ஓட்டி எடுக்கும் அளவு அது. அதில் வேகம் 90-ஐத் தாண்டாது. எதிர்க்காற்று கிடையாது, சிங்கப்பெருமாள் கோயிலில் குறுக்கே திரும்பும் லாரி கிடையாது, மே மாத வெயில் கிடையாது. (நீங்கள் தினமும் போகிற ஒரகடத்திலேயே வண்டிகளைச் சோதிக்கும் அரசு மையம் ஒன்று இருக்கிறது, தெரியுமா?) ஒரு காரோடு இன்னொரு காரை ஒப்பிட மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்குக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், நகர நெரிசல் அதிகமென்றால் மூன்றில் ஒரு பங்கு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

இப்போது உங்கள் சாலையைப் பாருங்கள். கிலோமீட்டர் மட்டும் பார்த்தால் போதாது, அதை எவ்வளவு நேரத்தில் கடக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு, பரனூர் டோல்கேட், சிங்கப்பெருமாள் கோயிலில் இடது பக்கம் திரும்பி ஒரகடம் என்று போகிறவர் பாதித் தூரத்துக்கு மேல் ஐந்தாவது கியரிலேயே போவார். அதே தூரம் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குப் போகிறவர் கூடுவாஞ்சேரி தாண்டியதும் இரண்டாவது கியரும் பிரேக்குமாகத்தான் நகர்வார், கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று வரிசையாக. இரண்டு பேருக்கும் ஒரே கார் சரிப்படாது. (கிண்டிக்காரருக்கு ஒரு வார்த்தை: செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் போகிறது, சீசன் டிக்கெட் விலை உங்கள் ஒரு நாள் பெட்ரோல் காசைச் சுற்றித்தான் வரும். ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் பக்கம் என்றால் காரை வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.)

நெடுஞ்சாலை அதிகமென்றால் காற்றுதான் எதிரி. வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போனதை 100-ல் போனால் அந்த எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். உயரமாக, பெட்டி மாதிரி இருக்கிற வேகன் ஆர் ஊருக்குள் அருமையாக மைலேஜ் தரும், பைபாஸில் 100-ஐப் பிடித்தால் எண் மளமளவென்று இறங்கும். தாழ்வாக வழுக்கலாக இருக்கிற ஸ்விஃப்ட், டிசையர் மாதிரி வண்டிகள் அங்கே தாங்கும். அதே மாதிரி ஒரு லிட்டர் இன்ஜின் சிக்கனம், 1.2 லிட்டர் செலவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊருக்குள் சரி. ஆனால் ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, 90-ல் லாரியை முந்த வேண்டும் என்றால் சின்ன இன்ஜினை மிதித்து மிதித்து ஓட்ட வேண்டிவரும், அந்த மிதியில் மிச்சமெல்லாம் போய்விடும். நீங்கள் ஒருவரே போகிறீர்களா, ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு செலவைப் பங்கு போடுகிறீர்களா என்பதை இங்கேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த எரிபொருள்?

30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் எங்கே இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது. பெட்ரோலுக்குள்ளேயே கார் மாற்றிக் கார் பார்த்தால் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்தாயிரம் மிச்சமாகும். எரிபொருளை மாற்றினால் அரை லட்சம், ஒரு லட்சம் என்று பேசலாம்.

சிஎன்ஜியை முதலில் எடுத்துக்கொள்வோம். செலேரியோ சிஎன்ஜி, வேகன் ஆர் சிஎன்ஜி இரண்டும் கிலோவுக்கு 34 பக்கம் என்று சொல்கிறார்கள், ஸ்விஃப்ட் சிஎன்ஜி 32.85. நிஜத்தில் 27 என்று வைப்போம். கிலோ 90 ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சம். பெட்ரோலில் ஒன்றரை லட்சம் ஆனதே, அதோடு ஒப்பிடுங்கள். அதே காரின் பெட்ரோல் மாடலைவிட சிஎன்ஜி மாடல் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை கூட. இரண்டு வருஷத்தில் அந்தக் காசு திரும்பிவிடும், அதன் பிறகு எல்லாம் லாபம். வருஷம் 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இதே காரை வாங்கினால் காசு திரும்பவே ஏழு வருஷம் ஆகும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சிஎன்ஜி வேஸ்ட் என்று சொன்னால் அவர் எவ்வளவு ஓட்டுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சிஎன்ஜியில் பங்க்தான் எல்லாம். 60 லிட்டர் சிலிண்டர் என்று எழுதியிருந்தாலும் அது தண்ணீர்க் கணக்கு, உள்ளே போகும் கேஸ் எட்டு கிலோ சொச்சம். ஒரு நிரப்பலுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரிசையில் நின்றாக வேண்டும். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் ஆட்டோவும் கால் டாக்சியும் பங்க் வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். நிரப்பும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், மழையானாலும். சரி, உங்கள் முறை வந்துவிட்டது, பிரஷர் 200 பார் வர வேண்டிய இடத்தில் முள் 160-லேயே நின்றுவிட்டால்? குழாய் வழியாக கேஸ் வருகிற பங்க் ஒரு வகை, லாரியில் சிலிண்டர் அடுக்குகளாகக் கொண்டுவந்து நிரப்புகிற பங்க் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அடுக்கு காலியாகிக்கொண்டு வரும் நேரத்தில் மாட்டினால் அரை வயிறு கஞ்சிதான். அதனால் கார் பார்க்கப் போவதற்கு முன்னால், உங்கள் வழியில் எதிர்ப்பக்கம் யூ டர்ன் அடிக்காமல் நுழையக்கூடிய பங்க் எத்தனை என்று எண்ணுங்கள், காலை ஆறரைக்கும் ராத்திரி எட்டுக்கும் அங்கே ஒரு வாரம் நின்று பாருங்கள். டீக்கடை அண்ணனைக் கேட்டால் எந்த நேரத்தில் கூட்டம் குறைவு, லாரி எப்போது வரும் என்பதெல்லாம் சொல்லிவிடுவார்.

சிஎன்ஜியில் இன்னும் சில விஷயங்கள் உண்டு. இன்ஜின் சக்தி பத்துப் பதினைந்து சதவீதம் குறையும், ஏற்றத்திலும் முந்தும்போதும் தெரியும், தேவைப்பட்டால் பெட்ரோலுக்குச் சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும், ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டைக்கு இடம் இருக்காது. டாடா டியாகோ, ஆல்ட்ரோஸில் இரண்டு சின்ன சிலிண்டராகப் பிரித்து தரைக்கடியில் வைத்திருப்பதால் டிக்கி கொஞ்சம் மிஞ்சுகிறது. நெரிசலில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: டியாகோவில் சிஎன்ஜியோடு ஏஎம்டி என்ற, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கியரும் 2024-லிருந்து வருகிறது. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) பண்ணி, தேதி போட்ட தகடு வண்டியில் இருக்க வேண்டும். தேதி முடிந்திருந்தால் நிரப்ப மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிற பங்க் உண்டு. வெளியே கிட் மாட்டுகிறவர்கள் ஆர்சி புத்தகத்திலும் இன்சூரன்ஸிலும் அதை ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடக்கும் நாளில் கிளைம் நிற்காது. வாரண்டியும் போகும். புது வண்டிக்கு கம்பெனி கிட்தான் சரி, இதில் இரண்டு யோசனை வேண்டாம்.

அடுத்தது மின்சாரக் கார். சொந்த வீடு, சொந்த கார் நிறுத்துமிடம், அதில் 15 ஆம்பியர் பிளக், இந்த மூன்றும் இருந்தால் தினமும் 100 கிலோமீட்டருக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அபார்ட்மெண்டில் பார்க்கிங் ஒரு மூலை, மீட்டர் ஒரு மூலை என்றால் முதலில் அசோசியேஷனிடம் பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அப்புறம் காரைப் பற்றி யோசியுங்கள். டியாகோ இவி-யில் 24 யூனிட் பேட்டரி மாடலுக்கு சோதனைக் கணக்கு 315 கிலோமீட்டர் என்கிறார்கள், நான் 200-க்கு மேல் எதிர்பார்க்க மாட்டேன், அது உங்களுக்குத் தாராளம். 19.2 யூனிட் மாடலும் எம்ஜி காமெட்டும் நூறு கிலோமீட்டருக்குப் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் சார்ஜ் பாதியில் நின்றாலோ, திரும்பி வரும் வழியில் மாமனார் வீட்டுக்குப் போகச் சொன்னாலோ கை பிசைய வேண்டிவரும். தவிர, காமெட் ஊருக்குள் ஓட்டச் செய்த வண்டி, அதை வைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் 100 கிலோமீட்டர் போவதை நான் சொல்ல மாட்டேன்.

செலவைப் பார்க்கும்போது நம்மூர் மின்வாரிய ஸ்லாபை மறந்துவிடாதீர்கள். யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர், சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீண் என்று கணக்கிட்டால் இரண்டு மாதத்துக்கு 690 யூனிட் பக்கம் கார் மட்டுமே இழுக்கும். வீட்டு உபயோகத்தோடு சேர்ந்து 500-ஐத் தாண்டியதும் விலைப்பட்டியலே மாறிவிடும், மேலே இருக்கும் யூனிட்டெல்லாம் பத்து ரூபாய் பதினொரு ரூபாய் கணக்கில் விழும். "யூனிட் நாலு ரூபாய்தான் சார்" என்று ஷோரூமில் சொல்வதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அப்படி உச்ச விலையிலேயே போட்டாலும் வருஷத்துக்கு 45-லிருந்து 50 ஆயிரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் மிச்சம். காருக்குத் தனி இணைப்பு எடுத்தால் என்ன விலை என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டு மாடியில் சோலார் இருந்தால் சொல்லவே வேண்டாம். பேட்டரி வாரண்டியையும் உங்கள் கிலோமீட்டரில் படியுங்கள்: டியாகோ இவி-க்கு எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு எட்டு வருஷம் என்பது கிடையாது, ஐந்து வருஷம் நாலு மாதத்தில் முடிந்துவிடும்.

டீசல்? சின்னக் காரில் டீசல் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்திவிட்டது, இன்றைக்கு ஹேட்ச்பேக்கில் மிஞ்சியிருப்பது ஆல்ட்ரோஸ் மட்டும்தான். நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இன்றைக்கும் நல்ல வண்டி. ஊர் நெரிசலுக்கு வேண்டாம், புகைத் தூசு வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அது சூடாகி எரிந்து சுத்தமாக நல்ல நீள ஓட்டம் வேண்டும். சின்னக் காரில் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து வண்டியை ஓட்டும் வகை, இன்னும் வரவில்லை. 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது சிக்னலில் அணைந்து எழும் சின்ன உதவி, அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சீட், கியர், உயிர்

தினமும் இரண்டரை மூன்று மணி நேரம் அந்த சீட்டில் உட்காரப் போகிறீர்கள். ஷோரூமில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள், ஏசி ஓடட்டும், விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தொடைக்கு சீட் முட்டிவரைக்கும் தாங்கல் கொடுக்கிறதா? ஸ்டீயரிங் பெரும்பாலான சின்னக் கார்களில் மேலே கீழேதான் நகரும், முன்னே பின்னே நகராது, அதனால் உயரமானவர்கள் காலுக்குச் சரியாக சீட்டைத் தள்ளினால் கை எட்டாது, கைக்குச் சரியாக இழுத்தால் முட்டி இடிக்கும். கிளட்ச்சுக்கு இடது பக்கம் இடது காலை வைக்க இடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல சின்னக் கார்களில் கிளட்ச் பெடலுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஷூ நுழையாது, காலை மடக்கி கிளட்ச்சுக்கு அடியில் வைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும், அல்லது கிளட்ச் மேலேயே வைத்துப் பழகிவிடுவீர்கள். முதலாவதில் இடுப்பு போகும், இரண்டாவதில் கிளட்ச் பிளேட் போகும். இந்த விஷயத்தில் வேகன் ஆரின் நாற்காலி மாதிரி நிமிர்ந்த சீட் பலருக்கு ஒத்துவருகிறது, பைபாஸில் காற்று விஷயத்தில் இழப்பதை முதுகில் மிச்சம் பிடிக்கலாம்.

நெரிசல் சாலைக்காரர்கள் ஏஎம்டி எடுங்கள். மைலேஜ் குறையும் என்ற பயம் பழைய ஆட்டோமேட்டிக்கின் நினைப்பு. இது அதே கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். ஸ்விஃப்ட் ஏஎம்டி 25.75 என்று கணக்கு, மேனுவலைவிட ஒரு கிலோமீட்டர் கூட. கியர் மாறும்போது தலை லேசாக ஆடும், ஒரு வாரத்தில் கால் அதற்கேற்ப பழகிவிடும். 50 ஆயிரம் பக்கம் கூட ஆகும், அந்தக் காசு பெட்ரோலில் திரும்பாது, முட்டியில் திரும்பும். நெடுஞ்சாலைக்காரர்களுக்கு மேனுவலே போதும்.

பாதுகாப்பை நான் மைலேஜுக்கு மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரகடம் ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்குப் போயிருக்கிறீர்களா? கார் ஏற்றிய டிரெய்லர், கன்டெய்னர், ஷிப்ட் பஸ், எதிரே ஹை பீமை அணைக்காமல் வரும் டிப்பர். பக்கத்தில் டிரெய்லர் கடக்கும்போது 800 கிலோ வண்டி ஒரு தட்டு தட்டி நகரும், ஸ்டீயரிங்கில் தெரியும். வருஷம் 30,000 கிலோமீட்டர் அந்தச் சாலையில் இருக்கிறவருக்கு ஆபத்தும் அதற்கேற்ற மாதிரி கூடுதல். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023-ல் வேகன் ஆர் ஒரு நட்சத்திரமும் ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் வாங்கின. புது டிசையர் 2024 நவம்பரில் ஐந்து வாங்கியது. டியாகோ 2020-லேயே நாலு. மாருதி 2025-ல் ஆல்டோ, செலேரியோ, வேகன் ஆருக்கெல்லாம் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டது, நல்லதுதான், ஆனால் ஏர்பேக் கூடினால் உடற்கூடு உறுதியாகிவிடாது, இரண்டும் வேறு. நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப் 2023 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் மாடலுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹெட்லைட்டையும் ராத்திரியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், பகல் டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பது இல்லை. உங்கள் வழியில் ஒரு துண்டாவது ஓட்டக் கேளுங்கள், நீங்கள் வாங்கப்போகும் அதே எரிபொருள், அதே கியர் மாடலில். சிஎன்ஜி கேட்டால் பெட்ரோலைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள், ஒன்று இல்லை. ஏசி இரண்டில் வைத்து மேம்பாலம் ஏறுங்கள். டாப் கியரில் 90-ல் ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், 3,000-க்குக் கீழே அமைதியாக நின்றால் நல்லது, அதற்கு மேலே இரைந்துகொண்டிருந்தால் தினமும் மூன்று மணி நேரம் அந்த இரைச்சலைக் கேட்க வேண்டும். நாலாவது கியரில் 60-லிருந்து 90-க்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தால் லாரியை முந்தலாமா கூடாதா என்பது புரிந்துவிடும்.

விலைக்கு வெளியே உள்ள செலவுகள்

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதனால் பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் இருந்தால் சின்னக் கார். தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ஐத் தாண்டினால் 18. அலாய் வீலுக்கும் சன்ரூஃபுக்கும் ஆசைப்பட்டு 9.90-லிருந்து 10.20-க்குத் தாவினால் வரியில் மட்டுமே அரை லட்சம் கூடும்.

டோல். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதலோ அது. பரனூரை தினமும் போக வரக் கடந்தால் மாதம் 50 தடவை, நாலே மாதத்தில் தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். அப்படியும் லாபம்தான். ஆனால் டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் உள்ளூர் மாத பாஸ் இருக்கிறது, முகவரிச் சான்றோடு டோல்கேட் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், இரண்டையும் ஒப்பிட்டு எது மலிவோ அதை எடுங்கள். வருடாந்திர பாஸ் தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான், ஓஎம்ஆர் மாதிரி மாநிலச் சாலை டோலில் எடுபடாது.

சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று, உங்களுக்கு நாலு மாதத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் சர்வீஸ் சென்டர் வீட்டுப் பக்கமோ ஆபீஸ் பக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு. டயர் ஒன்றரை வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், 16 அங்குல பெரிய டயருக்கும் 14 அங்குலத்துக்கும் நாலு டயர் சேர்த்தால் விலையில் நல்ல வித்தியாசம், மைலேஜும் சின்ன டயரில்தான் கூடும். நடுத்தர மாடலே உங்களுக்கு லாபம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால் இ20-க்கு ஏற்றதா என்று கையேட்டிலோ பெட்ரோல் மூடி ஸ்டிக்கரிலோ பாருங்கள், இல்லையென்றால் ரப்பர் பைப், சீல் எல்லாவற்றையும் மெக்கானிக்கை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020-க்கு முந்தைய ஸ்விஃப்ட், டிசையர் டீசல் இன்றைக்கும் பைபாஸில் அசராமல் ஓடுகிறது, ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் கால் டாக்சி மாதிரி ஓடியவை. மீட்டரில் 60,000 காட்டும், ஸ்டீயரிங் தோலும் கிளட்ச் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்கும், அங்கேயே புரிந்துகொள்ளுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டு கேட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதே காரை ஓட்டுகிறவர்களிடம் மைலேஜ் கேட்கும்போது "எப்படி அளந்தீங்க?" என்று சேர்த்துக் கேளுங்கள். டேஷ்போர்டு காட்டுகிற எண் பெரும்பாலும் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். டேங்க் நிரம்பி நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்தி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, 400 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் வகுத்தவர் சொல்வதுதான் கணக்கு. மற்றவர்கள் சொல்வது பாசம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மதுராந்தகம்–ஒரகடம் மாதிரி வேகச் சாலைக்கு வழியில் நல்ல பங்க் இருந்தால் டிசையர் சிஎன்ஜி, சொந்த வீட்டில் பிளக் இருந்து மிச்சம்தான் முக்கியம் என்றால் டியாகோ இவி, இரண்டும் இல்லையென்றால் ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல் என்று நான் போவேன். நெரிசல் சாலைக்கு டியாகோ சிஎன்ஜி ஏஎம்டி அல்லது ஸ்விஃப்ட் ஏஎம்டி. செலேரியோவும் ஆல்டோவும் சிக்கனத்தில் குறை சொல்ல முடியாதவை, ஊருக்குள் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் தாராளமாக எடுக்கலாம்.

வாங்கும் மாதம் பற்றி ஒரு விஷயம் பாக்கி. டிசம்பரில் தள்ளுபடி நிறைய இருக்கும், ஆனால் ஆர்சியில் அந்த வருஷம் விழுந்துவிடும், ரீசேல் போய்விடும் என்று எல்லோரும் ஜனவரிக்குக் காத்திருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை தேவையில்லை. ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை வாங்க வருகிறவர் மீட்டரைத்தான் பார்ப்பார், வருஷத்தைப் பார்க்க மாட்டார். டிசம்பர் கடைசி வாரம் போய் கறாராகப் பேசி எடுங்கள். எடுக்கும்போது வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டு, ஆறு மாதத்துக்கு மேல் யார்டில் வெயிலில் நின்றதாக இருந்தால் பேட்டரியையும் டயரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.